ஐந்து நட்டும் எட்டு நட்டும்: ஒரு 1943 ஜீப்பின் இடது முன் சக்கரம்

பின்னணி

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்த காலத்தில் தோப்புக்காரரின் தாத்தா வாங்கிப்போட்ட ஜீப் ஒன்று அங்கே கொட்டகையில் நிற்கிறது. 1943 மாடல் வில்லிஸ். தாத்தா காலத்தில் தேங்காய் ஏற்றியது, அப்பா காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றியது, அதற்கப்புறம் கோழி அடைகாக்கும் இடமாகிப்போனது. கடைசியாக ஓடிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த ஜீப்தான் வர வேண்டும் என்று தோப்புக்காரர் முடிவு செய்தார். பழைய ஜீப்களைப் பழுது பார்ப்பது என் தொழில். எஞ்சினையும் பிரேக்கையும் என்னிடம் ஒப்படைத்தார். டயர் வேலைக்கு உள்ளூரில் ஆள் இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன். அந்தச் சரியில் நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

டயர் வேலைக்கு வந்தவர் முப்பது வருடமாக லாரி டயர் கழற்றி மாட்டுகிறவர். ரிங் வைத்த லாரி டிஸ்க்கில், அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தில், கை பழகியவர், நிதானமானவர். இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், ஏனென்றால் இது வேலை தெரியாத ஒருவரின் கதை அல்ல. யாருக்கும் அடிபடவில்லை. தோப்புக்காரர், டயர்க்காரர் இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அந்தச் சக்கரத்தின் அமைப்பு

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது.

1941 கடைசியிலிருந்து 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கால ஜீப்களைச் செய்தன. முதலில் வந்தவற்றில் சாதாரண டிஸ்க், நம் பழைய ஜீப்களில் பார்ப்பது போல ஒரே துண்டு. கொஞ்ச காலத்திலேயே காம்பட் ரிம் என்கிற வேறு வகை வந்தது. அதில் ரிம் இரண்டு பாதி. உள்பாதியும் டிஸ்க்கும் ஒன்று, வெளிப்பாதி தனி வளையம். டயரை நடுவில் வைத்து இரண்டையும் எட்டு நட்டுகளால் இறுக்கிவிட வேண்டும். உள்ளே டயரின் விளிம்பை நகராமல் பிடிக்கும் பீட் லாக் வளையமும் இருக்கும். குண்டு பட்டுக் காற்று இறங்கினாலும் டயர் ரிம்மை விட்டு நழுவாமல் கொஞ்ச தூரம் ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். அது போக, லிவரே இல்லாமல் ஸ்பேனரை மட்டும் வைத்து வழியிலேயே டயர் மாற்றலாம். போர்க்களத்துக்கு நல்ல யோசனைதான்.

ஆக, சக்கரத்தின் முகத்தில் இரண்டு வட்டம் நட்டுகள். நடுவில் ஐந்து, அவை சக்கரத்தை ஹப்பில், அதாவது அச்சின் முனையில், பிடித்திருப்பவை. வெளிவட்டத்தில் எட்டு, ரிம்மின் இரண்டு பாதிகளையும் பிடித்திருப்பவை. ஐந்தைக் கழற்றினால் சக்கரம் வரும். டயரில் காற்று இருக்கும்போது எட்டைக் கழற்றினால் அந்த வளையம் கழற்றுகிறவரின் முகத்தை நோக்கி வரும்.

எவ்வளவு விசையோடு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். டயர் 6.00-16 அளவு. பக்கச்சுவரில் அழுத்தும் காற்றின் பாரத்தில் ஏறக்குறையப் பாதி ரிம்மின் விளிம்பில் வந்து விழும் என்று வைத்துக்கொண்டால், 25 பவுண்டு காற்றுக்கு ஏறக்குறைய இரண்டு டன் வருகிறது. வெறும் ஜீப்பின் எடையே சுமார் 1,100 கிலோதான். அதாவது அந்த எட்டு நட்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு ஜீப்பைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பது போல. லாரி டயரில் 100 பவுண்டு அடிக்கிறவருக்கு 25 என்பது காற்றே இல்லை. ஆனால் வளையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம். இந்த ஜீப்பில் வலப்பக்கச் சக்கரங்களின் ஐந்து நட்டுக்கும் மரை, அதாவது திருகுக் கோடு, சாதாரணம். இடப்பக்கத்தில் ஐந்தும் இடது மரை, வலப்புறம் திருப்பினால்தான் கழலும். சக்கரம் சுற்றுகிற திசையில் நட் தானாகத் தளர்ந்துவிடும் என்ற அச்சத்தில் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அப்படித்தான் வைத்தார்கள். நம் ஊரில் ஓடிய பழைய ஜீப்களிலும் உண்டு. எனக்கு இது மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததால்தான் சொல்ல மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. முந்தின நாளே வலது முன் சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். ஐந்து நட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்து வழக்கப்படி கழன்று வந்தன. அந்த அனுபவம் மறுநாள் தப்பான தைரியத்தைக் கொடுத்தது.

காலை ஒன்பது மணிக்கு இடது முன் சக்கரம். அது மெதுவாகக் காற்று இறங்குகிற டயர். இரவு 30 பவுண்டு அடித்து வைத்தால் காலையில் பாதி இருக்கும். டயர் படுத்திருந்ததால் அச்சுக்கு அடியில் ஜாக்கி நுழையவில்லை. அதனால் திரும்பவும் 30 பவுண்டு அடித்து, வண்டியை நிமிர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டு மரக்கட்டையும் கொடுத்தார்கள். இதுவரை எல்லாம் முறையான வேலை.

நட்டுகள் அசையவில்லை. தோப்புக்காரர் எனக்குப் போன் செய்தார். "நட்டு துருப்புடிச்சு இறுகிப்போச்சுங்க, என்ன பண்றது?" நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். "டீசல் ஊத்தி அரை மணி நேரம் விடுங்க, அப்புறம் ஸ்பேனர்ல நீளமான பைப் மாட்டி மிதிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று கேட்கவில்லை.

நான் சொன்னதைச் சரியாகச் செய்தார்கள். டீசல் ஊற்றினார்கள், அரை மணி நேரம் விட்டார்கள், நாலடி பைப்பை மாட்டி வழக்கமான திசையில் ஏறி மிதித்தார்கள். இடது மரையை அந்தத் திசையில் மிதித்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். நட்டு ஏறும் முளையான ஸ்டட் முதலாவது உடைந்தபோது துருவின் மேல் பழி போட்டார்கள். இரண்டாவதும் உடைந்தது. மீதி மூன்றையும் உடைத்துவிட்டால் கல்யாணத்துக்கு வண்டி இல்லை என்று தோப்புக்காரர் நிறுத்தச் சொல்லிவிட்டு, என்னை நேரில் வரச் சொன்னார். ஸ்டட் மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் கிளம்பினேன். வேறு எந்த அவசரமும் எனக்குத் தெரியாது.

நான் வருவதற்குள் டயர்க்காரருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. "இது நம்ம லாரி ரிங் மாதிரிதானுங்க. வெளிப்பக்கத்து எட்டு நட்டைக் கழட்டுனா வளையம் தனியா வந்துரும். சக்கரம் ஹப்புலயே இருக்கட்டும், டயரை மட்டும் உருவிக்கலாம்." அமைப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காற்று முழுதாக வெளியேறிய டயரில் அப்படிச் செய்யவும் முடியும். ஒரு சக்கரத்தை முதல் தடவை பார்த்த கணத்தில் அதைக் கண்டுபிடித்ததே அவருடைய தொழில் ஞானம்தான்.

நான் போனபோது

பதினொன்றரைக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தேன். டயர்க்காரரின் உதவியாள், பத்தொன்பது இருபது வயதுப் பையன், சக்கரத்துக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தான். மூன்று நட்டு கழன்று தரையில் தேங்காய்த் தொட்டியில் கிடந்தது. நான்காவதில் பாதி மரை வெளியே வந்திருந்தது. பையனுக்குப் பின்னால் கல்யாண வீட்டுக் குழந்தைகள் மூன்று பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு.

வளையத்தின் மேல்பக்கத்தில், நட்டு இல்லாத இடத்தில், இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் ரப்பர் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. வால்வின் மேல் துருப்பிடித்த இரும்பு மூடி அப்படியே இருந்தது.

"அண்ணா, காத்து எடுத்தாச்சா?"

"அது எப்பவோ எறங்கீருச்சுங்க. ஓட்டை டயரு."

அவர் பொய் சொல்லவில்லை. காற்று பிடிக்காத டயர் என்பது அவர் மனத்தில் பதிந்திருந்தது. ஜாக்கியில் தொங்கும் சக்கரத்தில் காற்று இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது, கீழே அமுங்கினால்தானே தெரியும். கையால் தட்டிப் பார்த்திருக்கிறார், லாரி டயரின் கெட்டித்தனம் இல்லை. காலையில் காற்று அடித்தபின் இறுக்கிய மூடி துருவில் சிக்கிக்கொண்டிருந்ததால் பின்னை அழுத்திப் பார்க்கவும் வழியில்லை. லாரி டயராக இருந்தால் முதல் காரியமாக வால்வுப் பின்னைக் கழற்றியிருப்பார். இங்கே இரண்டு மணி நேரம் நட்டோடு மல்லுக்கட்டியதில் ஒன்பது மணிக்குத் தானே 30 பவுண்டு அடித்தது மறந்தே போயிருந்தது. இரவு முழுக்கப் பாதிதான் இறங்குகிற டயர் இரண்டரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியிருக்கும்? இருபத்தைந்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நிறுத்தியதும் அப்புறம் செய்ததும்

கத்தவில்லை. கத்தினால் பையன் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு எழுவான், அந்த அசைவு வேண்டாம் என்று தோன்றியது. "தம்பி, ஸ்பேனரை அப்படியே விட்டுட்டு, எந்திரிச்சுப் பக்கவாட்டுல நகர்ந்து வா" என்றேன். வந்தான். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பச் சொன்னேன். சக்கரத்தின் முகத்துக்கு நேரே யாரும் போகக்கூடாது என்றதும் டயர்க்காரர் அந்த இடைவெளியைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லாரி ரிங் பறந்தால் என்ன ஆகும் என்பதை என்னைவிட அவர் நன்றாக அறிந்தவர்.

இனி என்ன செய்வது என்பதில் கால் மணி நேரம் போனது. கழற்றிய மூன்று நட்டையும் திரும்பப் போட்டு இறுக்கலாம் என்பது தோப்புக்காரரின் யோசனை. நான் மறுத்தேன். அதற்கு ஒருவர் மறுபடி வளையத்தின் முன்னால் உட்கார வேண்டும். ஏற்கெனவே கோணலாக இழுபடும் போல்ட்டுகளில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வால்வு மூடியை ரம்பத்தால் அறுக்கவும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும். ஜாக்கியை இறக்கினால் டயர் அமுங்கும்போது வளையம் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது.

மிஞ்சியது, டயரின் தரையில் படும் பாகத்தில் சின்ன ஓட்டை போட்டுக் காற்றை விடுவது. டயர் எப்படியும் வெடிப்பு விட்ட பழசு, ட்யூபும் குப்பைக்குப் போவதுதான். முதலில் ட்ராக்டரை எடுத்து, சுமை ஏற்றியிருந்த டிரெய்லரைச் சக்கரத்துக்கு எதிரே ஓரடி தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். வளையம் வந்தால் அந்தப் பலகையில் மோதட்டும். பிறகு ஜீப்பின் கிரில்லுக்கு முன்னால் குனிந்து நின்றேன். அங்கிருந்து கையை நீட்டினால் டயரின் முன்பக்கம் எட்டும், உடம்பு சக்கரத்தின் முகத்துக்கு வெளியே போகாது. பேட்டரி ட்ரில்லில் மூன்று மில்லிமீட்டர் பிட் போட்டு, டயரின் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறக்கினேன்.

சத்தம் பன்னிரண்டு நிமிடம் வந்தது. ஓட்டை டயர் என்று எல்லோரும் நம்பிய டயரிலிருந்து. ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் யாரும் பேசவில்லை.

காற்று போன பிறகு

சத்தம் நின்றதும் வளையம் தானாகவே ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போனது. அப்புறமும் பக்கவாட்டில் இருந்துகொண்டே வால்வு மூடியை அறுத்து, பின்னைக் கழற்றி, வால்வுக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தோம். பின்னை எடுத்தாலும் உள்ளே அழுக்கோ துருவோ அடைத்துக்கொண்டு காற்று நிற்பதுண்டு, கம்பி தடையில்லாமல் போனால்தான் நம்பலாம்.

உடைந்து விழுந்த ஸ்டட் துண்டைக் கையில் எடுத்தபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. ஒரு போல்ட்டை நிமிர்த்திப் பிடித்தால், மரைக் கோடு வலப்பக்கமாக ஏறிப்போனால் சாதாரண மரை, இடப்பக்கமாக ஏறினால் இடது மரை. இது இடப்பக்கம் ஏறியது. மீதி மூன்று நட்டையும் வலப்புறமாகத் திருப்பினோம். பைப் கூடத் தேவைப்படவில்லை, ஐந்து நிமிடத்தில் சக்கரம் கையில். டயர்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது. நியாயம்தான். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எட்டு நட்டுப் பக்கமே போயிருக்க மாட்டார்.

பட்டறையில் பிரித்தபோது

ஸ்டெப்னியோடு ஐந்து சக்கரத்தையும் பட்டறைக்கு எடுத்துவந்தேன். ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் தொடங்கிய உதிரிச் சக்கர வியாபாரத்திலிருந்து வந்தது. பிறந்த நாட்டில் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை.

இடது முன் ரிம்மைப் பிரித்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. எட்டு போல்ட்டில் மூன்று பிற்காலத்தில் யாரோ ஹார்ட்வேர் கடைச் சரக்கை வாங்கி உள்பக்கம் வெல்டிங் வைத்தவை. நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் வளையத்தை முழுதாகப் பிடித்திருந்தது நான்கு போல்ட்டுகள். அவற்றில் இரண்டு இந்த வெல்டிங் சரக்கு. ஒன்றின் வெல்டிங் ஓரத்தில், விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்ததும், முடி போல ஒரு கோடு தெரிந்தது. அது அன்றைக்கு விழுந்ததா பழையதா என்று என்னால் சொல்ல முடியாது.

மற்றவை: பின்பக்கச் சக்கரம் ஒன்றின் விளிம்பு, துரு அரித்து ஆணியால் குத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெலிந்திருந்தது. ஒரே ஒரு சக்கரத்துக்குள் மட்டும் பீட் லாக் வளையம் மிஞ்சியிருந்தது. மற்றவற்றில் அதுவும் இல்லை, ட்யூபைக் காக்கும் பிளாப்பும் சில இடங்களில் இல்லை. இரண்டு பாதி ரிம்மில் பிளாப் இல்லாவிட்டால் இணைப்புக் கோட்டில் ட்யூப் கிள்ளுப்பட்டு நாளடைவில் ஓட்டையாகும். இடது முன் டயரின் மெதுவான ஒழுகலுக்குக் காரணம் அதுதான், ஆணி எதுவும் இல்லை.

பின்னால் மாட்டியிருந்த இரண்டு டயரும் ட்ராக்டரின் முன் டயர், நேர்க்கோடாக மூன்று பட்டை போட்டவை. 6.00-16 என்பது நம் ஊர் ட்ராக்டர் முன்சக்கரங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு, விலையும் குறைவு, ஜீப் ரிம்மில் கச்சிதமாக உட்காரும். பக்கத்தில் ஏ6 என்று அச்சாகியிருந்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் வரைதான் அந்த டயருக்கு அனுமதி என்று அதற்கு அர்த்தம், ஏ8 என்றால் 40. பதினொரு வருடத்துக்கு முன் அந்த ஜீப் இந்த டயரோடு கோயம்புத்தூர் வரை போய்வந்திருக்கிறது.

எந்த டிஸ்க், எந்த டயர்

இடது முன் ரிம்மையும் மெலிந்த பின் ரிம்மையும் கழித்தேன். வெல்டிங் போட்டுத் தேற்றலாமே என்று ஒருவர் சொன்னார். இரண்டு டன் தாங்க வேண்டிய வளையத்தில் ஒட்டுப்போடும் துணிச்சல் எனக்கு இல்லை. தோப்புக்காரர் கண் முன்னாலேயே கேஸ் வைத்து இரண்டாக வெட்டிப்போட்டோம், முழுசாகக் காயலான் கடைக்குப் போனால் அங்கிருந்து இன்னொரு ஜீப்புக்குப் போய்விடும்.

மூன்று ரிம் நன்றாக இருந்தன. நாலு சக்கரத்துக்கு மூன்று போதாது. புதிதாகச் செய்து விற்கும் காம்பட் ரிம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் கல்யாணம் ஆறு நாளில். ஓட்டுவதற்கு இந்தியாவில் செய்த பழைய ஜீப்பின் ஒற்றைத் துண்டு டிஸ்க் ஐந்தைப் போடலாம் என்றேன். அதே 16 அங்குலம், அதே ஐந்து ஸ்டட், அதே ஐந்தரை அங்குல வட்டம். தோப்புக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. "எங்க தாத்தா வண்டியோட மொகமே போயிருமுங்க" என்றார். அவர் வருத்தம் புரிந்தது, 1943 வண்டியில் ஒற்றை டிஸ்க் என்பது தெரிந்தவர் கண்ணில் உறுத்தும். முதலில் வந்த வில்லிஸ்களில் ஒற்றை டிஸ்க்தான் இருந்தது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். வாதத்தில் கொஞ்சம் தில்லுமுல்லு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது உடைந்த இரண்டு ஸ்டட். லேத் பட்டறையில் ஒரே நாளில் கடைந்து தருவதாகச் சொன்னார்கள். சாதா இரும்பில் கடைந்த ஸ்டட்டில் சக்கரத்தைத் தொங்கவிடச் சம்மதிக்கவில்லை. இடது மரை ஸ்டட் தேடி நான்கு நாள் அலைந்தேன். பழைய ஜீப் சாமான் வைத்திருந்த ஒருவரிடம் கிடைத்தது, நட்டோடு.

டயர், ராணுவக் கட்டை வடிவில் புதிய நைலான் டயர் ஐந்து, ஆறு பிளை, 6.00-16. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பிடிப்புக் கொடுக்கும் வடிவம் அது, சேற்றில் மாட்டினால் பின்னால் எடுக்க வசதி. ஈரத் தார் ரோட்டில் பிரேக் அடித்தால் வழுக்கும், அதையும் சொல்லிக் கொடுத்தேன். ஐந்தும் ஒரே அளவாக இருப்பது இந்த ஜீப்பில் அழகுக்காக அல்ல. முன் அச்சையும் இணைத்து ஓட்டும்போது முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, சுற்று வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. டயர் உயரம் மாறினால் கெட்டித் தரையில் கியர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்.

மாட்டியது

ஒற்றை டிஸ்க்கில் மாட்டுவதில் சொல்ல ஒன்றுமில்லை, டயர்க்காரர் அரை மணி நேரத்தில் ஐந்தையும் முடித்தார்.

காம்பட் ரிம் மூன்றையும் கல்யாணம் முடிந்து, இரண்டு வாரம் கழித்து, அவர் கடையிலேயே சேர்ந்து செய்தோம். ரிம்மின் உட்புறத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டோம். துருப் பொருக்கு ஒன்று இருந்தாலும் ட்யூபைத் தின்றுவிடும். புது ட்யூபுக்கு பவுடர் போட்டு, வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு டயருக்குள் வைத்து, பிளாப்பைப் புரளாமல் விரித்தோம். வால்வை அதன் வாய்க்கு நேரே நிறுத்தி, டயரை உள்பாதியின் மேல் படுக்கவைத்து, வெளிவளையத்தை இறக்கினோம். எட்டு நட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கம் பிளாப் கிள்ளுப்படும். முதல் ரிம்மில் அப்படித்தான் ஆனது, பிரித்துத் திரும்பச் செய்தோம்.

காற்று அடித்தது கூண்டுக்குள் வைத்து. லாரி டயருக்கென்று அந்தக் கடையில் ஒரு கூண்டு இருந்தது, பல காலமாக அதில் பழைய ட்யூபுகள்தான் கிடந்தன. லாரி, பஸ்களின் பல துண்டு ரிம்மில் காற்றடிக்கக் கூண்டு வேண்டும் என்று அமெரிக்காவில் 1980இல் விதியே கொண்டுவந்தார்கள். ஜீப் அந்த விதிக்குள் வராத சின்ன வண்டி, அதனால் என்ன, வளையம் வளையம்தான். நீளமான குழாயில் கவ்விப் பிடிக்கும் தலை போட்டு, பத்தடி தள்ளி நின்று, முதலில் ஐந்து பவுண்டு. இணைப்புக் கோடு சுற்றிலும் மூடியிருக்கிறதா என்று பார்த்தபின் 30. பிறகு முழுதும் இறக்கி, ட்யூபின் மடிப்பு பிரிந்ததும் மறுபடி 30.

கல்யாணமும் அதற்குப் பிறகும்

மாப்பிள்ளை ஜீப்பில்தான் வந்தார், ஒற்றை டிஸ்க்கில், நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில். எஞ்சின் இரண்டு தடவை சூடேறியது, அது என் கணக்கு. சக்கரத்தில் குறை இல்லை. ஓட்டிய ஐந்தாவது கிலோமீட்டரிலும் மறுநாளும் எல்லா நட்டையும் திரும்ப இறுக்கிப் பார்த்தேன், இடது முன் சக்கரத்தில் புது ஸ்டட் இரண்டும் கால் சுற்று வாங்கின.

காம்பட் ரிம் மூன்றும் இப்போது கொட்டகையில், பத்து பவுண்டு காற்றோடு, சுவரில் சாய்ந்திருக்கின்றன. நான்காவதும் ஐந்தாவதும் கிடைத்தால் மாட்டுவதாகப் பேச்சு.

மறுபடி நேர்ந்தால் என்ன மாற்றுவேன்

போனில் யோசனை கேட்டால், எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பதைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டேன். இடது மரையைச் சொன்னால் மட்டும் போதாது என்றும் இப்போது நினைக்கிறேன். எண்பது வருடத்தில் யார் எந்த ஹப்பை மாற்றினார்கள் என்று தெரியாது, ஆகவே நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரையைத் துடைத்துக் கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

ட்ரில் போட்டது சரியா என்று நிறைய யோசித்தேன். அப்போது இருந்த வழிகளில் அதுதான் ஆபத்து குறைந்தது என்று நினைத்தேன். ஆனால் அது ஒழுகுகிற டயர். டிரெய்லரை எதிரே நிறுத்தி, கயிறு கட்டி யாரையும் விடாமல், இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தால் ஏறக்குறைய எல்லாக் காற்றும் தானாகவே போயிருக்கும், யாரும் கையை நீட்ட வேண்டியிருந்திருக்காது. அந்த வழி அன்று என் மனதுக்கே வரவில்லை. எட்டு நாளில் கல்யாணம் என்பது எல்லோர் தலையிலும் இருந்தது, என் தலையிலும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இப்படி இரண்டு பாதியாக வரும் ரிம்களின் இணைப்பு நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கும் பழக்கம் இருந்தது, தொடாதே என்பதற்கு. அமெரிக்க ஜீப்பில் அது கிடையாது. பழைய வண்டியில் இல்லாத நிறத்தை அடிக்கக் கூடாது என்று வாதாடுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். இப்போது என் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு காம்பட் ரிம்மிலும் எட்டு நட்டும் சிவப்பாகத்தான் வெளியே போகிறது, இடப்பக்க ஹப்பில் வெள்ளையில் ஓர் அம்புக்குறியும். கண்காட்சிக்கு வேண்டுமென்றால் துடைத்துக்கொள்ளட்டும்.

உடைந்த ஸ்டட் துண்டுகளில் ஒன்றை டயர்க்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கடையில் கம்ப்ரசர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் அதைக் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று கேட்கிறாராம்.